பெயர் தொலைத்த விதைகள்

விதையைப் பார்த்துப் பயிரைச் சொல்லிவிடலாம். ரகத்தைச் சொல்ல முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. வேளாண்மைத் துறையில் 30 ஆண்டுக்கு மேல் இருந்தவன், அதில் பாதிக் காலம் விதைக் கிடங்கில் கழித்தவன் என்பதால், ஆடி பிறந்ததும் சின்னசேலத்தில் பலர் காகிதப் பொட்டலத்தோடு என்னிடம் வருகிறார்கள். "சார், இது குத்து அவரையா, கொடி அவரையா? பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். "ஊன்றிப் பார்த்தால்தான் தெரியுங்க" என்றால் முகம் சுருங்கிவிடும். இத்தனை வருஷம் இவர் என்ன வேலை பார்த்தார் என்று மனதுக்குள் நினைப்பது எனக்குக் கேட்கும்.

நெல் போட்டவர்களுக்கு இந்த விஷயம் தெரியும். ஒரு ரகத்தில் இன்னொரு ரகம் கலந்திருந்தால் மூட்டையில் இருக்கும்போது கண்டுபிடிப்பது சிரமம். கதிர் வாங்கும்போதுதான் ஒன்று உயர்ந்து நிற்கும், ஒன்று முந்திப் பூக்கும். அதைக் கலவன் என்று சொல்லிப் பிடுங்கிப் போடுவோம். விதைக்கென்று நெல் போடுகிற வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும், பூக்கும் சமயத்தில் அதிகாரி வந்து வயலைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அப்படி எந்த அதிகாரியும் வரமாட்டார். அங்கே விதைக்குச் சான்று கொடுப்பது அதை எடுத்து வைத்தவருடைய வாய்ச்சொல் ஒன்றுதான்.

அந்த வாய்ச்சொல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷம் நேரிலேயே பார்த்தேன்.

என் அக்கா கச்சிராயபாளையம் போகிற வழியில் ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். கோமுகி அணைப் பக்கம். வீட்டுப் பரணில் வரிசையாக மண் கலயம், சுரைக் குடுக்கை, துணி முடிச்சு என்று வைத்திருப்பார். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்காது. அவருக்கு எழுதவும் தெரியாது. இடமிருந்து வலமாக எது எது என்று மனதில் வைத்திருந்தார். இருட்டில் கை விட்டாலும் சரியான கலயத்தைத்தான் எடுப்பார். அவரைக்குச் சாம்பல், துவரைக்குச் செம்மண் பூச்சு, கீரை விதைக்கு வேப்பிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு.

அவர் மாசியில் காலமானார். வீட்டை ஒழித்து வெள்ளையடித்தார்கள். சித்திரையில் அக்கா மகன் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவோடு வந்தான்.

"அம்மா வச்சிருந்த விதை மாமா. தூக்கிப் போட மனசு வரல. எல்லாத்தையும் இதுல கொட்டி வச்சேன். நீங்கதான் பிரிச்சுத் தரணும்."

திறந்து பார்த்தேன். அவரை, சுரை, பூசணி, வெண்டை, புளிச்சக்கீரை எல்லாம் சாம்பலோடு சாம்பலாகக் கலந்து கிடந்தன. அவனைக் குறை சொல்ல முடியாது. வேறு யாராவது இருந்திருந்தால் குப்பையில் கொட்டியிருப்பார்கள். பயிர்வாரியாகப் பிரிக்க எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. ஆனால் அவரை என்று தனியே எடுத்து வைத்த குவியலில் எத்தனை ரகம் என்று எனக்குத் தெரியவில்லை. சுரையிலும் அப்படித்தான். அக்காவுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது.

அவரையை நிறத்தை வைத்து மூன்றாகப் பிரித்தேன். காவி நிறத்தில் கொஞ்சம், கறுப்பில் கொஞ்சம், அடர் பழுப்பில் 11 விதை. எல்லாவற்றுக்கும் முதுகில் அதே வெள்ளைக் கோடு. ஆடி 18 கழித்து ஊன்றினேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி, குச்சியில் எண், எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம். பழுப்பு விதையில் ஏழு முளைத்தது.

காவி விதை இடுப்பளவு குத்துச்செடியாக நின்று, இரண்டு மாதத்துக்குள் பூத்துக் காய்க்கத் தொடங்கிவிட்டது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை ரகங்கள் நம் பக்கம் நிறையப் பரவியிருக்கின்றன. அதில் ஒன்று எப்படியோ அக்காவின் பரணுக்கும் வந்திருக்கிறது. கறுப்பும் பழுப்பும் கொடியாகிப் பந்தலை மூடிவிட்டன. ஆவணி போனது, புரட்டாசி போனது. இலை மட்டும் ஆளை மறைக்கும் அளவுக்கு. ஒரு பூ கிடையாது.

ஐப்பசி மழையில் பந்தல் பாரம் தாங்காமல் சாய்ந்தது. எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது மலட்டுக் கொடி. அறுத்துப் போட்டுட்டு வேற ஏதாவது வையுங்க" என்றார். என் மனைவிக்கும் அதே எண்ணம்தான். பந்தலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கார்த்திகை முடியட்டும் என்று சொல்லி நிறுத்தி வைத்தேன்.

காரணம் இதுதான். பழைய கொடி அவரைகளில் பெரும்பாலானவை பகல் குறைந்தால்தான் பூக்கும். செடிக்கு எத்தனை நாள் வயது என்பது அதற்குக் கணக்கில்லை. நம் ஊரில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1 மணி 20 நிமிடம்தான். நமக்கு அது தெரிவதே இல்லை. அவரைக் கொடிக்குத் தெரியும். அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். சோயா மொச்சையில் ஒரு ரகத்தை வெவ்வேறு தேதிகளில் விதைத்துப் பார்த்தார்கள். முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. பகல் நீளம்தான் செடிக்குக் கட்டளை இடுகிறது என்று அதிலிருந்து தெளிந்தது. செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பது பின்னால் தெரிய வந்தது.

ஆகவே குத்து அவரை என்று நினைத்துக் கொடி அவரையைப் பங்குனியில் தொட்டியில் ஊன்றினால், கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றி இலை வளர்க்கலாம். காய் பார்க்க முடியாது. விதை கெட்டுவிட்டது, மண் கெட்டுவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வகை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கார்த்திகைக் கடைசி வாரத்தில் பழுப்பு விதைக் கொடியில் ஊதாப் பூங்கொத்து எட்டிப் பார்த்தது. மார்கழியில் காய். பச்சைப் பட்டையில் ஓரம் மட்டும் ஊதா ஓடிய அகலக் காய். கிள்ளியதும் வந்த வாசனையில் என் மனைவி அடுப்படியிலிருந்து, "அண்ணி வீட்டு அவரைங்க இது" என்றாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா மஞ்சள் பையில் போட்டு அனுப்புகிற காய்தான். எங்கள் அம்மா காலத்திலிருந்து வருவது. ஐப்பசியில் அறுத்துப் போட்டிருந்தால் அந்தப் பரணிலிருந்து வந்த கடைசி ஏழு கொடியும் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும்.

அவரையில் குழப்பம் பருவத்தில். பப்பாளியில் குழப்பம் ஆண், பெண்ணில்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு நாற்றுப் பண்ணையில் மூன்று பப்பாளிக் கன்று வாங்கி வைத்தார். மூன்றும் காய்க்கும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். ஐந்தாம் மாதம் பூத்தது. நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ. மூன்றும் ஆண் மரம். மனிதர் நொந்துபோனார்.

பப்பாளியில் இரண்டு குடும்பம் உண்டு. கோவைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 போன்றவற்றில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பாதிக்குப் பாதி வரும். கோ 3, கோ 7 போன்றவற்றில் பெண் மரமும் இருபால் பூ மரமும் மட்டும்தான் வரும். தைவானிலிருந்து வந்த ரெட் லேடியும் இந்தச் சேர்த்திதான். இரண்டாவது வகை விதை கலப்பில்லாமல் இருந்தால் ஆண் மரமே வரக்கூடாது. ஆகவே ஆசிரியருக்குக் கிடைத்தது முதல் வகை, அல்லது ஆண் மரத்து மகரந்தம் கலந்த விதை. முதல் வகையில் மூன்று கன்று வைத்தால் மூன்றும் ஆணாக அமைய எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அந்த எட்டில் ஒன்று அவர் தலையில் விழுந்தது.

முதல் வகையை வைக்கிறவர்கள் குழிக்கு ஒன்று வைக்கக்கூடாது. மூன்று நான்கு வைத்து, பூத்த பிறகு பெண்ணை நிறுத்தி மற்றதை எடுத்துவிட வேண்டும். தோட்டத்தில் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். விதையைப் பார்த்தோ கன்றைப் பார்த்தோ இது ஆண், இது பெண் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நம் பனையும் அப்படித்தானே? கொட்டையைப் புதைத்தவர் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, பாளை வந்த பிறகுதான் ஆண்பனையா பெண்பனையா என்று பார்க்கிறார். ஆண்பனை நுங்கு தராது, ஆனால் பதநீர் தரும். அதனால் பனையில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை.

இந்த இரண்டு குழப்பமும் ஒரே செடியில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை டொரொண்டோவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி காட்டியது. அங்கே இருக்கும் என் தம்பி மகன் கூப்பிட்டான்.

"பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர் மூணு பாக்கெட் விதையை ஒரே கிண்ணத்துல கலந்துட்டு முழிக்கிறார். பார்த்துப் பிரிக்க முடியுமான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னார்."

"என்ன விதைப்பா?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, "கஞ்சா" என்றான்.

பக்கத்தில் இருந்த என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து அது சட்டப்படி செல்லும். ஒன்றிரண்டு மாகாணம் தவிர மற்ற இடங்களில் வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி வீட்டில் ஒரு செடி வளர்ப்பதும் குற்றம். அதை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசினேன். அங்கே விதை மூன்று வகையாக விற்கிறதாம். ஆணும் பெண்ணும் கலந்து வருவது ஒன்று. பெண் செடி மட்டும் வரும்படி தயாரித்தது ஒன்று. இரண்டும் பொதுவாகப் பகல் குறைந்தால்தான் பூக்கும். மூன்றாவது, பகல் எப்படி இருந்தாலும் வயது வந்ததும் பூப்பது. முதல் வகை நம் பனை மாதிரி, மூன்றாவது நம் குத்து அவரை மாதிரி. மூன்றுக்கும் விதை ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்தச் செடியில் ஓர் ஆண் நின்றால் போதும், சுற்றியுள்ள பெண் செடியெல்லாம் விதை பிடித்துவிடும், பூவுக்கு விலை போய்விடும். வெள்ளைக்காரர் காலத்தில் வங்காளத்து நவகாவ் பக்கம் அரசு உரிமத்தோடு அதைப் பயிரிட்டார்கள். அங்கே ஆண் செடியைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் வயல் வயலாகப் போனார்கள். 1893-94-இல் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. அவர்களும் பார்த்தது செடியைத்தான், விதையை அல்ல. "உன் பக்கத்து வீட்டுக்காரரை ஒவ்வொன்றாக ஊன்றி, எண் போட்டு, காத்திருக்கச் சொல்" என்று சொல்லி வைத்தேன். அவருக்கு நான்கு செடிதான் அனுமதி. அந்தக் கிண்ணம் பிரிந்து முடிய எத்தனை வருஷம் ஆகுமோ!

இதுவரை சொன்னதில் நஷ்டம் உழைப்பும் நாளும்தான். சுரையில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. பெரியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அக்காவிடம் சமையல் சுரையும் இருந்தது. குடுக்கைக்காக வளர்க்கிற சுரையும் இருந்தது. குடுக்கைச் சுரை பெரும்பாலும் கசக்கும். விதையில் வித்தியாசம் தெரியாது. டப்பாவிலிருந்து எடுத்து ஊன்றியதில் மூன்று கொடி தேறியது. ஒவ்வொரு கொடியிலும் முதல் பிஞ்சில் ஒரு சிறு துண்டு நறுக்கி, பச்சையாக நாக்கு நுனியில் வைத்துத் துப்பிப் பார்த்தேன். இரண்டு இனிப்பு. ஒன்று கசப்பு. சாதாரணக் கசப்பு அல்ல, பேய்ச்சுரைக் கசப்பு. அதை அன்றே வேரோடு பிடுங்கினேன்.

பாகற்காய்க் கசப்பு வேறு, இது வேறு. சுரை, வெள்ளரி, பூசணி இனத்தில் வரும் இந்தக் கசப்பு ஒரு நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. காலையில் சுரைக்காய்ச் சாறு குடிக்கிற பழக்கம் நம் வயதுக்காரர்களிடம் பரவியிருக்கிறது. கசப்பான சாற்றைக் குடித்து வாந்தியும் இரத்த வாந்தியுமாகச் சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள், இறப்பும் நேர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து ஆராய்ந்து, 2012-இல் அறிக்கை வெளியிட்டது. கசந்தால் குடிக்காதே, கொட்டிவிடு என்பதுதான் அதன் சாரம். ஜெர்மனியில் 2015-இல் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினி என்ற காயைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்துபோனார். அதுவும் பூசணி இனம்தான். வீட்டில் எடுத்து வைத்த விதையில் கலப்பு ஏறி இப்படி ஆகலாம் என்று அப்போது அங்கே தோட்டக்காரர்களை எச்சரித்தார்கள். கசக்கிறது என்று தெரிந்தும், வீணாக்கக்கூடாது என்று சாப்பிடுகிற பழக்கம் நமக்கு நிறைய உண்டு. சுரையில் அது வேண்டாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நல்ல சுரைப் பூவில் கசப்புச் சுரை மகரந்தம் விழுந்தால் இந்த வருஷக் காய் மாறாது. இனிப்பாகவே இருக்கும். மாறுவது உள்ளே இருக்கும் விதை. அடுத்த வருஷம் அதை ஊன்றும்போதுதான் கசப்பு தலை காட்டும். அதனால் கசப்புக் கொடி நின்ற நாளில் பிடித்த காய் எதிலும் விதைக்கு வைக்கவில்லை. அதைப் பிடுங்கிய பிறகு வந்த பெண் மொட்டுகளில் இரண்டை மாலையில் விரிவதற்கு முன் துணிப்பையால் கட்டினேன். ஆண் மொட்டுகளையும் அப்படியே கட்டி வைத்தேன். பொழுது சாய்ந்து பூ விரிந்ததும் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவி, மறுபடியும் கட்டினேன். சுரைப் பூ மாலையில் விரியும் என்பதால் இது நம்மைப் போல வீட்டில் இருப்பவர்களுக்குத் தோதான வேலை. ஒரு காய் நின்றது. அதன் விதை உறையில் இருக்கிறது. உறையின் மேல், "அக்கா சுரை, இந்த ஆடியில் ஊன்றி, கசப்புப் பார்த்த பிறகே பிறருக்குக் கொடுக்கவும்" என்று எழுதியிருக்கிறேன்.

கறுப்பு அவரை என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தை பிறந்த பிறகு பூத்து, குட்டையாகக் காய்த்தது. கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்து ஆட்கள் சந்தைக்கு வரும்போது அக்கா விதை வாங்குவார் என்று அக்கா மகன் சொல்கிறான். இருக்கலாம். யாரிடம், எப்போது, எதற்காக வாங்கினார் என்று கேட்க இனி ஆள் இல்லை. அதற்கு நோட்டில் "அக்கா கறுப்பு" என்று பெயர் வைத்திருக்கிறேன். அது நான் வைத்த பெயர். அதன் சொந்தப் பெயர் மாசியில் போய்விட்டது.

வீட்டில் விதை வைத்திருக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடையில் வாங்கினால் அட்டையைக் கிழித்து எறியாதீர்கள். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை, உண்மை நிலை விதைக்குப் பச்சை அட்டை. ரகமும் தேதியும் அதில்தான் இருக்கும். வீட்டில் எடுத்த விதையானால் ஒரு காகித உறையில் ஐந்து விஷயம் எழுதினால் போதும்: பெயர், யாரிடமிருந்து வந்தது, எந்த மாதம் ஊன்றியது, எந்த மாதம் பூத்தது, குத்தா கொடியா. இரண்டு வகை விதையை ஒரே நாளில் ஒரே முறத்தில் காய வைக்காதீர்கள். கலப்பு பெரும்பாலும் முறத்தில்தான் நடக்கிறது.

எழுதத் தெரியாத அம்மாவோ அத்தையோ பாட்டியோ வீட்டில் இருந்தால், அவர்கள் முடிச்சை அவிழ்க்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். விதையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் பெயரை வாங்குங்கள்.

பழுப்பு அவரையில் இந்த முறை அரைப்படி விதை தேறியது. வேண்டுபவர்களுக்கு ஆளுக்குப் பத்து தருகிறேன். கார்த்திகை வரைக்கும் பூ இல்லையே என்று யாரும் என்னிடம் வந்து கேட்கக்கூடாது. உறையிலேயே எழுதியிருக்கும்.